சிப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, போலி ஒழிந்துவிட்டதா?

கேள்வி, 2025 ஜூன் 14

"சிப் வைத்த பாஸ்போர்ட் இப்போது நம் ஊருக்கும் வர ஆரம்பித்துவிட்டது. முகம், விரல் ரேகை எல்லாம் உள்ளேயே இருக்குமாம். இனிமேல் போலிப் பாஸ்போர்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்து வருடத்துக்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். என்ன சொல்கிறீர்கள்?"

ஜூன் 14, இரவு

பாதி சரி. அறந்தாங்கியில் பதினாறு வருடமாகப் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கால் ஆடும் ஒரு நாற்காலி. தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிற ஊர் இது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பொய் அச்சகத்தில் நுழைவதைவிட விண்ணப்பத்தில் நுழைவது சுலபம். மிச்சம் நாளைக்கு.

ஜூன் 15, காலை

முதலில் பழைய கதை. பேனாவால் எழுதிய பாஸ்போர்ட்டைப் பார்த்திருக்கிறீர்களா? போட்டோவைப் பசை போட்டு ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாளைப் படியவைத்திருப்பார்கள். சிலவற்றுக்கு இருபது வருடச் செல்லுபடி. அந்தத் தாளைச் சூடுகாட்டிப் பிரித்து போட்டோவை மாற்றி ஒட்டுவதுதான் அந்தக் காலத்துப் போலி. புத்தகம் அசல், முத்திரை அசல், ஆள் மட்டும் வேறு.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு என்று மான்ட்ரியலில் ஒன்று இருக்கிறது. பாஸ்போர்ட் எப்படி இருக்க வேண்டும் என்று 9303 என்ற எண்ணுள்ள ஆவணத்தில் விதி வகுப்பது அதுதான். இயந்திரம் படிக்க முடியாத பாஸ்போர்ட்டுகளுக்கு 2015 நவம்பர் 24 கடைசி நாள் என்று அது கெடு வைத்தது. அந்த வருடம் என் கடை வாசலில் செருப்பு விட இடமில்லை. ஒரு பெரியவர் கொண்டுவந்த புத்தகத்தில் கறுகறுவென்று மீசை வைத்த இளைஞன் இருந்தான். "இது யார் அத்தா?" என்றேன். "நான்தான் தம்பி. ஏன், நம்ப முடியவில்லையா?" என்றார். முடியவில்லைதான்.

ஜூன் 15, பிற்பகல்

இயந்திரம் படிப்பது என்றால் போட்டோ இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்கிறதே, அதை. வரிக்கு 44 இடம். காலி இடத்தை அம்புமுனை போன்ற குறியால் நிரப்பியிருப்பார்கள். இரண்டாவது வரியில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி மூன்றுக்கும் பின்னால் தலைக்கு ஒரு சரிபார்ப்பு எண்.

கணக்கு எளிது. 1947 ஆகஸ்ட் 15 என்ற தேதி அந்த வரியில் 470815 என்று இருக்கும். இலக்கங்களை முறையே 7, 3, 1, 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்குங்கள். 28, 21, 0, 56, 3, 5. கூட்டினால் 113. கடைசி இலக்கம் 3. அதுதான் சரிபார்ப்பு எண். ஆங்கில எழுத்து வந்தால் ஏ என்பது 10, பி என்பது 11 என்று போகும். ஒரே ஒரு இடத்தில் தப்பு விழுந்தாலும் இயந்திரம் பிடித்துவிடும்.

ஜூன் 16

நேற்று எழுதிய கடைசி வாக்கியத்தை அளவுக்கு மீறிய நம்பிக்கையோடு எழுதிவிட்டேன். ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்து என் கணக்கைக் கிழித்துப்போட்டார்.

எண்ணுக்கு எண் மாறினால் பிடிக்கும், அது சரி. ஆனால் பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறி, அவற்றின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் பிடிக்காது. 27 என்பதை 72 என்று அடித்துப் பாருங்கள். 7, 3 ஆல் பெருக்கினால் முதலாவது 14உம் 21உம் சேர்ந்து 35. இரண்டாவது 49உம் 6உம் சேர்ந்து 55. கடைசி இலக்கம் இரண்டிலும் 5. இயந்திரம் வாயே திறக்காது. எழுத்துகளிலும் இந்த ஓட்டை உண்டு: ஏ 10, கே 20, யு 30. இந்த மூன்று எழுத்தும் சுழியமும் இந்தக் கணக்குக்கு ஒன்றே.

ஆக, அது தட்டச்சுப் பிழையைப் பிடிக்க வைத்த கணக்கு. திருடனைப் பிடிக்க வைத்தது இல்லை. திருடனுக்கும் 7, 3, 1 தெரியும்.

ஜூன் 18

சிப்புக்கு வருகிறேன். என் கடை வழியாக விண்ணப்பித்த ஒரு தம்பிக்குப் புதுப் புத்தகம் வந்தது. முன் அட்டையில் பொன்னிறத்தில் ஒரு சின்னச் சின்னம்: செவ்வகம், நடுவில் வட்டம். அட்டையைத் தடவினால் பழையதைவிடக் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை.

செல்போனில் அதைப் படிக்கும் செயலி ஒன்றை இறக்கினேன். எடுத்த எடுப்பில் அது சிப்பைத் தொடவே இல்லை. "முதலில் அந்த இரண்டு வரியைக் கேமராவில் காட்டு" என்றது. காட்டினோம். பிறகு போனைப் புத்தகத்தின் மேல் வைத்தோம். தோல்வி. உறையைக் கழற்றி வைத்தோம். தோல்வி. போனை இரண்டு விரல்கடை கீழே நகர்த்தியதும் ஒரு சின்ன அதிர்வு. பெயர் வந்தது, எண் வந்தது, கடைசியில் கறுப்புத் திரையில் அந்தத் தம்பியின் முகம். "அண்ணே, இந்தப் போட்டோவை மாற்ற முடியாதா?" என்றான். அதுதான் இந்தச் சிப்பின் நோக்கமே என்றேன்.

ஏன் முதலில் இரண்டு வரியைக் கேட்டது? சிப்பின் பூட்டுக்குச் சாவி அங்கேதான் இருக்கிறது. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி மூன்றையும் சேர்த்துச் சாவி செய்கிறார்கள். புத்தகத்தைத் திறந்து உள்ளே பார்த்தவனுக்குத்தான் சிப் பேசும்.

ஜூன் 18, இன்னொன்று

"அப்படியானால் பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவன் என் சட்டைப்பையிலிருந்து படித்துவிடுவானா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தச் சிப்புகள் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையில் பேசுபவை. பேச்சு எட்டும் தூரம் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர். சிப்புக்குள் பேட்டரி கிடையாது. படிக்கும் கருவி தரும் மின்சாரத்தில்தான் விழிக்கும். அப்படியே பக்கத்தில் வந்தாலும் சாவி வேண்டும்.

ஆனால் அந்தச் சாவி திண்டுக்கல் பூட்டுச் சாவி இல்லை. பாஸ்போர்ட் எண் வரிசையாகப் போகிறது, பிறந்த தேதி விசாரித்தால் தெரிகிறது, காலாவதி என்பது வழங்கிய நாளோடு பத்து வருடம். ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். ஆரம்பகால ஐரோப்பியப் பாஸ்போர்ட்டுகளில் இந்தப் பலவீனத்தை ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். பிறகு வந்த முறையில் சாவி அதே மூன்று விவரம்தான், ஆனால் நடுவில் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தவன் வீட்டில் உட்கார்ந்து உடைக்க முடியாதபடி பேச்சையே வேறு விதமாக மறைத்துவிடுகிறார்கள். அமெரிக்கா அட்டைக்குள் உலோக இழையையே வைத்தது, புத்தகம் மூடியிருந்தால் அலை உள்ளே போகாது.

ஜூன் 21

முதல் கேள்விக்கு வருகிறேன். சிப்பைப் போலியாகச் செய்ய முடியாதா?

வெற்றுச் சிப் வாங்கலாம். அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். எழுத முடியாதது ஒன்றே ஒன்று: அரசின் மின்னணுக் கையொப்பம். உள்ளே இருக்கும் பெயர் விவரம், முகம் என ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் சாறு பிழிந்தாற்போல ஒரு சுருக்கக் குறி எடுத்து, அந்தக் குறிகளின் மொத்தப் பட்டியலில் வழங்கிய நாடு கையொப்பம் போடுகிறது. முகத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் சாறு மாறும், கையொப்பம் பொருந்தாது.

சரி, பொருந்துகிறதா என்று பார்ப்பவன் யார்? அங்கேதான் கதை. கையொப்பம் உண்மைதானா என்று தெரிய அந்த நாட்டின் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். என் செயலி அந்தத் தம்பியின் புத்தகத்தைப் படித்துவிட்டு என்ன சொன்னது தெரியுமா? உள்ளே எதுவும் மாற்றப்படவில்லை, ஆனால் கையொப்பம் போட்டவரைத் தனக்குத் தெரியாது என்று சொன்னது. இந்தியாவின் சான்றிதழ் அதனிடம் இல்லை. வட்டாட்சியர் கையெழுத்தைப் பார்த்திராதவனிடம் வாரிசுச் சான்றிதழை நீட்டினாற்போல.

2008இல் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் ஓர் ஆய்வாளர் தாமே செய்த சிப்பைத் தானியங்கிப் பெட்டியில் காட்டினார். பெயர் எல்விஸ் பிரெஸ்லி. பெட்டி மரியாதையாகப் படித்து முகத்தையும் காட்டியது. பாடகர் இறந்தது 1977இல். பெட்டி கையொப்பத்தைச் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான். நாடுகள் தங்கள் சான்றிதழ்களைப் பகிர்ந்துகொள்ளப் பொதுக் களஞ்சியம் ஒன்றை 2007இலேயே மான்ட்ரியல் அமைப்பு தொடங்கியிருந்தது. களஞ்சியம் இருப்பது வேறு, வாசலில் நிற்பவன் அதைப் பார்ப்பது வேறு.

இன்னொரு சிக்கல்: ஒரு நல்ல சிப்பைக் கையொப்பத்தோடு அப்படியே நகல் எடுத்தால்? கையொப்பம் பொருந்தும். அதற்குத்தான் சில சிப்புகளில் வெளியே எடுக்கவே முடியாத ரகசிய எண் ஒன்றை வைக்கிறார்கள். கருவி ஒரு கேள்வி போடும், சிப் அந்த ரகசியத்தால் பதில் சொல்லும். நகலுக்குப் பதில் தெரியாது.

ஜூன் 22

"பத்து வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும்" என்பதற்கு. நாடுகள் தங்கள் மக்கள் மேல் உள்ள அக்கறையால் இதைச் செய்தன என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அமெரிக்கா தள்ளியது, மற்றவை நகர்ந்தன. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 2002இல் அங்கே ஒரு சட்டம் வந்தது: விசா இல்லாமல் எங்கள் நாட்டுக்குள் வரும் உரிமை வேண்டுமா, உங்கள் பாஸ்போர்ட்டில் முகம், ரேகை போன்ற உடலடையாளம் இருக்க வேண்டும். முதல் கெடு 2004 அக்டோபர் 26. யாராலும் முடியவில்லை. இரண்டு முறை தள்ளி 2006 அக்டோபர் 26 ஆனது. மான்ட்ரியல் விதிப்படி முதலில் வெளியிட்டது பெல்ஜியம், 2004இல். ஐரோப்பிய ஒன்றியம் அதே வருடம் சட்டம் போட்டு முகத்தோடு விரல் ரேகையையும் சேர்த்தது.

இந்தியருக்கு அமெரிக்கா விசா இல்லாமல் கதவைத் திறப்பதாக இல்லை. பிறகு நமக்கு என்ன அவசரம்? 2008இல் ஜனாதிபதி பிரதிபா பாட்டீலுக்கு முதல் சிப் பாஸ்போர்ட் கொடுத்தார்கள். தூதரக அதிகாரிகளோடு அது நின்றது. சாதாரண மக்களுக்குச் சோதனையாகத் தொடங்கியது 2024 ஏப்ரலில். சென்னைக்கு 2025 மார்ச்சில்.

ஜூன் 23

நேற்றைய வாதத்தில் பெரிய ஓட்டை. எங்கள் ஊர்க்காரனே அதை மறக்கலாமா? உலகத்தில் முதல் முதலில் சிப் பாஸ்போர்ட் கொடுத்தது மலேசியா, 1998 மார்ச்சில். அப்போது யாரும் யாரையும் தள்ளவில்லை. சிப்புக்கான மான்ட்ரியல் விதியே பிறக்கவில்லை, அதனால் அவர்களுடைய சிப் தனி வழியில் போனது. கட்டைவிரல் ரேகை உள்ளே, தங்கள் நாட்டுத் தானியங்கிக் கதவுக்கு. 2010இல்தான் உலக விதிக்கு மாறினார்கள்.

ஆகவே திருத்திக்கொள்கிறேன். சிலர் வரிசையைக் குறைக்கச் செய்தார்கள், பலர் அடுத்த வீட்டுக்காரன் கேட்டதால் செய்தார்கள். மலேசியாவில் முப்பது வருடம் இருந்துவிட்டு வந்த மாமா ஒருவர் சொல்வார்: "கதவு திறக்கும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் பிடித்தது."

ஜூலை 2

சிப் இருந்தும் வாசலில் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவே உதாரணம். 2014 மார்ச் 8இல் கோலாலம்பூரிலிருந்து கிளம்பிக் காணாமல்போன எம்எச்370 விமானத்தில் இருவர் திருட்டுப் பாஸ்போர்ட்டில் ஏறியிருந்தார்கள். ஒன்று ஆஸ்திரியா, மற்றது இத்தாலி. இரண்டும் தாய்லாந்தில் திருட்டுப்போனவை, இரண்டும் இன்டர்போல் பட்டியலில் பதிவானவை. பட்டியலில் அப்போது நான்கு கோடிக்கு மேல் பதிவுகள். யாரும் பார்க்கவில்லை. விமானம் காணாமல்போனதற்கும் அந்த இருவருக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. வேறு நாட்டில் தஞ்சம் தேடிப் போனவர்கள் என்றுதான் விசாரணையில் வந்தது.

ஜூலை 5

விரல் ரேகை எல்லாம் உள்ளே இருக்கும் என்கிறார் கேட்டவர். உலக விதியில் கட்டாயம் முகம் மட்டும்தான். ரேகையும் கருவிழியும் அந்தந்த நாட்டின் விருப்பம். ரேகை வைத்தால் அதற்கு இன்னொரு பூட்டு: வழங்கிய நாடு அனுமதிச் சான்று கொடுத்த நாட்டின் கருவிக்கு மட்டும் திறக்கும். இரண்டு வரிச் சாவி அங்கே செல்லாது.

ஏன் முகம்? முகத்தை நாம் தெருவில் காட்டிக்கொண்டுதான் நடக்கிறோம், பாஸ்போர்ட்டில் போட்டோ ஏற்கெனவே இருக்கிறது, எதையும் புதிதாகக் கேட்க வேண்டியதில்லை. ரேகையின் கதையை எங்கள் ரேஷன் கடையில் வந்து பாருங்கள். வயலில் களை பறித்த கை, சித்தாள் வேலை பார்த்த கை. "ரேகை விழவில்லை, பாட்டி, துடைத்துவிட்டு வை" என்று நாலு தடவை. ஐந்தாவது தடவை பாட்டி, "அரிசிதானே கேட்டேன், சொத்தையா எழுதி வாங்கப் போகிறேன்?" என்றார். சவூதியில் பத்து வருடம் சிமென்ட் குழைத்தவன் கையும் அப்படித்தான் இருக்கும்.

ஜூலை 19

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். என் தொழிலில் சிப்பைவிட அதிகம் தலைவலி தருவது பெயர்.

மேல் வரியில் 44 இடத்தில் ஐந்து இடம் ஆவண வகைக்கும் நாட்டுக்கும் போகிறது. பெயருக்கு 39. முதலில் குடும்பப் பெயர், இரண்டு அம்புமுனை, பிறகு சொந்தப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? தலைப்பெழுத்தை விரித்து எழுதச் சொல்கிறார்கள், அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடுகிறோம். போய் இறங்கியதும் அந்த நாட்டில் எல்லோரும் இவனை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். செல்வம் என்று ஒரு தம்பி. அவன் அப்பா ராமசாமி இறந்து எட்டு வருடம். "தினமும் காலையில் மேஸ்திரி எங்கள் அப்பாவை வேலைக்குக் கூப்பிடுகிறான் அண்ணே" என்றான்.

கட்டத்தைக் காலியாக விட்டாலோ, 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டோடு வருகை விசாவில் வருபவர்களை ஏற்க மாட்டோம் என்றது. அப்பா பெயர் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அதற்குள் என் கடையில் மூன்று பேர் அழுதுவிட்டார்கள்.

ஆகஸ்ட் 3

போட்டோவைக் கணினியில் "அழகுபடுத்தித்" தரும் ஸ்டூடியோக்காரர்களுக்கு: வேண்டாம். 2014இல் இத்தாலியின் போலோனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெவ்வேறு ஆட்கள் இருவரின் முகத்தைக் கலந்து ஒரே போட்டோவாக்கினால் இயந்திரம் இருவரையுமே ஏற்றுக்கொள்கிறது என்று காட்டினார்கள். அந்தப் போட்டோவை ஒருவன் விண்ணப்பத்தில் கொடுத்தால் அரசே அசல் சிப்பில் அசல் கையொப்பம் போட்டுத் தரும். பிறகு அந்தப் புத்தகத்தில் இருவர் பயணம் போகலாம். நான் முதல் நாள் சொன்னது இதைத்தான். நம் நாட்டில் பாஸ்போர்ட் சேவா மையத்தில் அவர்களே நேரில் படம் எடுக்கிறார்கள். படம் விகாரமாக வருகிறது என்று சண்டைக்குப் போகாதீர்கள், அந்த விகாரம் உங்களுக்குக் காவல்.

செப்டம்பர் 13

நேற்று முன்தினம் திருச்சி விமான நிலையத்தில் தானியங்கிக் குடியேற்றக் கதவு திறந்தார்கள். உடனே நாலு பேர் போன். "சிப் பாஸ்போர்ட் இருந்தால் போதுமா?" போதாது. முன்கூட்டி இணையத்தில் பதிவு செய்து ரேகையும் முகமும் கொடுத்து ஒப்புதல் பெற்றவருக்குத்தான் அந்தக் கதவு. சிங்கப்பூரோ கடந்த வருடமே சாங்கியில் தன் குடிமக்களைப் பாஸ்போர்ட்டைக் காட்டாமலேயே முகத்தாலும் கருவிழியாலும் உள்ளே விட ஆரம்பித்துவிட்டது. நாம் சிப்பை அட்டைக்குள் வைத்த நேரத்தில் அவர்கள் அட்டையைப் பையிலேயே வைக்கச் சொல்கிறார்கள்.

செப்டம்பர் 14

ஒரு பாவமன்னிப்பு. விசா நகலையும் டிக்கெட்டையும் பாஸ்போர்ட் அட்டையோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுப்பது என் பழக்கம், வாடிக்கையாளர் தொலைக்கக் கூடாது என்று. பதினாறு வருடப் பழக்கம். புதுப் புத்தகத்தில் அட்டைக்குள் சிப்பிலிருந்து மெல்லிய கம்பிச் சுருள் ஓடுகிறது. ஒரு பின் அதை அறுத்தால் சிப் ஊமை. சிப் ஊமையானாலும் புத்தகம் செல்லும், விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் தானியங்கிக் கதவு திறக்காமல், அதிகாரி முன்னால் நின்று, "இது என்ன ஓட்டை?" என்ற கேள்விக்கு நம் ஆள் பதில் சொல்ல வேண்டும். ஸ்டேப்ளரை டீக்கடைக்குக் கொடுத்துவிட்டேன். நோட்டுக் கட்டுகிறார்கள்.

நவம்பர் 9

என்னுடைய புதுப் பாஸ்போர்ட் வந்தது. நானே நிரப்பியது, அதனால் மூன்று முறை சரிபார்த்தேன். செயலியில் போட்டேன். இப்போது போன் எங்கே இருக்க வேண்டும் என்று கைக்குத் தெரிகிறது, முதல் முயற்சியிலேயே திறந்தது. பெயர் சரி. உள்ளே எதுவும் மாற்றப்படவில்லை என்று பச்சை டிக். பிறந்த தேதி 1979 ஜூன் 3.

அந்தத் தேதி எங்கள் தலைமையாசிரியர் போட்டது. பள்ளியில் சேர்க்க அழைத்துப்போன அன்று பிறந்த சான்றிதழ் இல்லை, ஜூன் மாதம், ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். மேசையில் கிடந்த நாட்காட்டியைப் பார்த்து எழுதினார். என் வகுப்பில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள். அவர் எழுதியது பள்ளிச் சான்றிதழுக்குப் போனது, அங்கிருந்து இங்கே வந்தது. சிப்பின் பூட்டைத் திறக்கும் சாவியில் மூன்றில் ஒரு பங்கும் அதுதான்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். போனைக் காட்டி, "பாரும்மா, அரசாங்கமே சொல்லிவிட்டது, ஜூன் 3" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"நீ பிறந்த அன்று கண்மாய் நிறைந்து மறுகால் போனது. மருத்துவச்சியை முட்டளவுத் தண்ணீரில் கூட்டிவந்தார் உன் அப்பா. ஜூனில் எந்தக் கண்மாயடா மறுகால் போகிறது?"